மே மாதத்தில் இருபது டிகிரி

கோப்பில் வெப்பநிலை என்ற இடத்தில் இருபது டிகிரி என்று இருந்தது. ஞானதீபத்துக்குச் சிரிப்பு வந்தது.

அளந்த ஊர் சிவகாசி. அளந்த மாதம் மே.

ஞானதீபம் விருதுநகரில் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். உலகில் யார் எங்கே ஒரு படிகத்தை அளந்தாலும், அந்த அளவுகளை ஒரே பெயரில், ஒரே அலகில், ஒரே ஒழுங்கில் எழுத வேண்டும் என்று ஒரு பொது அகராதி உண்டு. அதைப் பராமரிக்கும் பத்துப் பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர். சம்பளம் கிடையாது. சரிபார்க்க வரும் அளவுக் கோப்பு ஒவ்வொன்றையும் கண்மூடி ஒரு சிறு ஜெபம் செய்துவிட்டுத்தான் திறப்பார்.

இந்த இருபதை அவருக்கு நன்றாகத் தெரியும். கணக்குப் போடும் மென்பொருள் தானாகவே நிரப்பி வைக்கிற எண் அது. அளந்தவர்தான் அதை மாற்றி எழுத வேண்டும். பலர் மறந்துவிடுவார்கள். சிலருக்கு மாற்ற மனம் வராது.

எப்படி அளந்தது என்ற குறிப்பில்லாமல் இருபது என்று வந்தால் கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அவரே ஒரு விதி எழுதியிருந்தார். சாயங்காலம் அது குழுவின் முன் வருகிறது. விதியை முதலில் உரசிப் பார்க்கச் சொந்த மாவட்டத்துக் கோப்பே வாய்த்திருக்கிறது. சொந்த ஊர் என்று விட்டுவிட முடியுமா?

வேறு நாட்டுக்காரர் கையில் கிடைத்திருந்தால் பேசாமல் ஏற்றுக்கொண்டிருப்பார். சித்திரை வெயிலில் சிவகாசி எப்படிக் கொதிக்கும் என்று அவர் கண்டாரா?

திருப்பி அனுப்புவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. கோப்பை அனுப்பிய ராஜபாண்டியன் அங்கே ஒரு கல்லூரி ஆசிரியர். இது அவர் அனுப்பும் முதல் படிகம். ஞானதீபம் அவருடைய தொலைபேசி எண்ணைத் தேடிப் பேசினார்.

"ஏன் சார், சிவகாசியில மே மாசம் இருபது டிகிரி எங்கன இருக்கு? சொன்னீகன்னா நானும் அங்கனயே குடிவந்துருவேன்."

அந்தப் பக்கம் ராஜபாண்டியன் சிரித்தார். "நெசமாத்தான் மேடம். வெளிய தலை வெடிக்குது, உள்ள நான் ஸ்வெட்டர் போட்டுல்லா உக்காந்திருந்தேன்."

படிகத்தை அளக்கும் எக்ஸ்ரே கருவி இருப்பது கல்லூரியில் இல்லையாம். பட்டாசு மருந்துகளைச் சோதிக்கிற ஒரு தனியார் கூடத்தில் இருக்கிறதாம். அந்தக் கூடம் ஒரு அச்சகத்தோடு ஒட்டியது. தாள் சுருங்காமலும் விரியாமலும் இருக்க அச்சகத்துக்கு ஓட்டுகிற ஏசியின் குளிர்தான் சுவர் வழியே கூடத்துக்கும் வருகிறது. அந்தக் குளிர் இல்லாவிட்டால் இந்தப் படிகம் தன்னுள் இருக்கும் நீரை விட்டுவிட்டு மாவாக உதிர்ந்துவிடும். இருந்த ஒரே நல்ல படிகமும் அளந்து முடித்து வெளியே எடுத்ததும் உதிர்ந்துவிட்டது. கோப்பு திரும்பினால் மறுபடி அளக்க ஒன்றுமில்லை.

ஞானதீபம் கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்தார். அவருக்கு இப்போதுதான் சந்தேகம் இறுகியது.

பெரிய அச்சு இயந்திரம் ஓடினால் பக்கத்து அறையின் தரையும் அதிரும். சர்க்கரைத் துணுக்கைவிடச் சிறிய படிகம் அது. அதிர்ந்தால் படத்தில் விழும் எக்ஸ்ரே புள்ளிகள் கலங்கியிருக்கும். இங்கே ஒரு புள்ளிகூடக் கலங்கவில்லை. அச்சகக் குளிர் உண்மையென்றால் இவ்வளவு தெளிவு எப்படி வரும்? தெளிவு உண்மையென்றால் குளிர் கதையாகத்தான் இருக்க வேண்டும்.

"மெஷின் ஓடுற சுவருக்குப் பக்கத்துல இம்புட்டுச் சுத்தமா எப்படி சார் வந்துச்சு?"

"மெஷினு ஓடல மேடம். சுவருக்கு இங்கிட்டு என்ன செய்யுதீகன்னு அச்சகத்து முதலாளி கேட்டாரு. அதிர்ந்தா கெட்டுப்போகும்னேன். வேற ஒண்ணும் நான் கேக்கல. ஏசி ஓடட்டும், மெஷினை நிப்பாட்டுங்கலேன்னுட்டாரு. நான் அளந்து முடிக்கிற மட்டும் ஆளுக சும்மா உக்காந்து டீ குடிச்சாக."

மே மாதம். பள்ளி திறப்பதற்குள் போய்ச் சேர வேண்டிய பாடப்புத்தக லோடுகள் அச்சகத்துக்கு அச்சகம் காத்துக் கிடக்கிற மாதம். அந்த ஊரை அறிந்தவர் யாரும் அந்த மாதத்தில் இயந்திரம் நின்றது என்றொரு பொய்யைச் சொல்லத் துணியமாட்டார்கள்.

"தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தீகளா?"

"கூடத்துச் சுவர்லயே இருக்கு. அன்னைக்கு எடுத்த போட்டோ இருக்கு, அனுப்புதேன்."

படம் வந்தது. பொறுமையாகப் பெரிதாக்கிப் பார்த்தார். இருபதுதான்.

ஞானதீபம் தன் விதியை எடுத்தார். 'திருப்பி அனுப்புக' என்பதை அழித்து, 'அனுப்பியவரிடம் கேட்க' என்று எழுதினார். சாயங்காலம் குழு இதை ஏற்கும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. இப்போதுதான் விதி ஒழுங்காக இருந்தது.

பிறகு, நடந்ததைக் கோப்பில் எழுதி அனுப்பும்படி ராஜபாண்டியனிடம் சொன்னார்.

வெப்பநிலைக்கு அகராதியில் ஒரு பெயர் உண்டு. அழுத்தத்துக்கு உண்டு. அலைநீளத்துக்கு உண்டு. கேட்காமலே ஒருவர் தன் இயந்திரத்தை நிறுத்திக்கொடுத்த இதற்கு என்ன பெயர் வைப்பது? கடைசியில், 'பிற குறிப்புகள்' என்ற இடத்தில் ராஜபாண்டியனின் ஒரே வரி ஏறியது:

'அளவெடுத்து முடியும் வரை அடுத்த அறையின் அச்சு இயந்திரங்கள் நிறுத்தப்பட்டிருந்தன.'

என்றோ எந்த நாட்டிலோ அதைத் திறக்கிறவர், அதிர்வைப் பற்றிய ஒரு தொழில்நுட்பக் குறிப்பு என்று எண்ணித் தாண்டிப் போவார்.