ரெண்டு பேர் இழுத்த கயிறு

"இந்த வேதப்புத்தகத்து மேல கை வச்சிச் சொல்லுதேன் ஃபாதர். இனி நான் சொல்லப்போறதுல ஒரு சொல்லு பொய் கிடையாது."

சொன்னபடியே அருள்குமார் கையை வைத்தான். சின்னக்கானல் மேட்டில், எஸ்டேட் லய வீடுகளுக்கு மேலே இருக்கும் கோயிலில் மணியடித்து, மெழுகுதிரி ஏற்றி, வாசல் கூட்டும் கப்பியார் அவன்தான். சத்தியம் செய்யும்போது கண்ணை மூடிக்கொள்வது அவன் வழக்கம்.

எதிரே நின்ற ஜோமோளுக்குச் சங்கடமாக இருந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த நர்ஸ் அவள். அன்று விடியற்காலை மணி அடிக்கவில்லை என்று ஃபாதரிடம் சொன்னவளும் அவளேதான். புகாராகச் சொல்லவில்லை. முழங்கால் வலியில் வாயில் வந்துவிட்டது.

தவக்காலம் தொடங்கியதும் ஃபாதர் பிரசங்கத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆண்டவருக்குச் செய்வதை அரைமனதாகச் செய்யக் கூடாது. விடியற்காலை மணி அடித்ததும் ஒவ்வொரு வீட்டிலும் எழுந்து, முழங்காலிட்டு, ஜெபமாலை தொடங்க வேண்டும். மணியில் விரிசல் விழுந்திருந்ததால் நாளுக்கு அந்த ஒரு தடவை அடிப்பதோடு சரி. அதுவும் ஒரு நாள் தவறினால், துபாயிலிருந்து யாரோ அனுப்பியிருக்கும் மெஷின் மணியை மாட்டிவிடுவார். மெஷின் வந்தால் கப்பியார் வேண்டாம். கப்பியார் வேண்டாமென்றால், கோயிலுக்குப் பின்னால் அருள்குமாரும் அவன் பெண்டாட்டியும் குடியிருக்கிற அறையும் அவர்களுக்கு இல்லை.

"சொல்லு" என்றார் ஃபாதர். அவர் இடது கன்னத்தில் தலையணையின் மடிப்புக்கோடு இன்னும் மறையவில்லை.

"கதவத் தொறந்தேன் ஃபாதர். எனக்கும் மணிக்கூண்டுக்கும் நடுவுல ஒத்தையான நிக்கி."

"யானையா?"

"ரேசன் கடைச் சுவத்த இடிச்சி அரிசி தின்னதே, அதே ஆளுதான். வேற ஒருத்தனா இருந்தா கதவச் சாத்தியிருப்பான். நான் உங்க பிரசங்கத்த நெனச்சேன். அரைமனசு ஆகாதுன்னு சொன்னீங்கள்லா. அதோட வயித்துக்குக் கீழ குனிஞ்சி நடந்துட்டேன்."

"வயித்துக்குக் கீழயா?"

"தல தட்டல. ஆனா கயிறு பனியில நனைஞ்சி வழுக்குது. இழுக்கேன், கை நழுவுது. திரும்பிப் பாத்தா, அது தும்பிக்கைய நீட்டி என் கைக்கு மேல ஒரு பிடி பிடிச்சிருக்கு. நான் ஒரு இழுப்பு, அது ஒரு இழுப்பு. முடிஞ்சதும் கோயிலப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு ஏலக்காட்டுக்குள்ள எறங்கிட்டு."

ஃபாதர் தாடையைச் சொறிந்தார்.

ஜோமோள் மெதுவாகச் சொன்னாள். "சேட்டா, யானையை விடுங்க. ஞான் நைட் டியூட்டி முடிஞ்சு வந்து, படுத்தா உறங்கிடுவேன்னு பயந்து நேரா முழங்கால்ல நின்னேன். மணி கேட்டதும் ஜெபம் தொடங்கலாம்னு. நல்லா வெளிச்சம் வர்ற வரைக்கும் நின்னேன். மணி வரலையே."

"சிஸ்டரே, ஆஸ்பத்திரியிலதான இருக்கிய. காத ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிருங்க."

கொழுந்துக் கூடையோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த செபமாலையம்மாள் அங்கேயே நின்றுவிட்டாள். கோயில் காரியம் எதுவும் அவளைத் தாண்டி நடந்ததில்லை.

"யாரு சொன்னா மணி அடிக்கலன்னு? மொத அடிக்கே எந்திரிச்சி முழங்கால் போட்டுட்டேன் ஃபாதர். மருமவகிட்டகூடச் சொன்னேன், இன்னைக்குக் கயித்த ரெண்டு பேரு இழுக்காவ போலிருக்குன்னு. ஒத்த ஆளு இழுக்கிற சத்தமா அது?"

அருள்குமாரே அவளைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தான்.

அவளுக்குப் பின்னால் வந்த பெண்களும் தலையாட்டினார்கள். எல்லோரும் முழங்காலில்தான் இருந்தார்களாம். ஒருத்தி வீட்டில் மணிச் சத்தத்தின் அதிர்வில் அலமாரியிலிருந்த டம்ளர் உருண்டு விழுந்ததாம்.

ஜோமோள் கடைசியாக ஃபாதரைப் பார்த்தாள். அவர் கனைத்துக்கொண்டார்.

"நானும் கேட்டேன். மணிக்கு முந்தியே நான் முழங்கால்லதான் இருந்தேன். நல்ல கனமான சத்தம். அருளு இன்னிக்கு முழு மனசா அடிக்கிறானேன்னு அப்பவே நினைச்சேன்."

இத்தனை பக்தர்கள் நடுவில் தன் காது ஒன்றுதான் பழுது என்று ஜோமோளுக்குப் புரிந்தது. முழங்காலில் நின்றபடியே தூங்கிப்போயிருக்க வேண்டும். நல்லவேளை, தன் தூக்கத்தால் ஒரு குடும்பத்தின் அறை போகாமல் தப்பியது.

"தப்பு எனக்குத்தான். க்ஷமிக்கணும் சேட்டா."

"மனுசருக்கு அசதி வாரதுதான் சிஸ்டரே" என்று அருள்குமார் பெரிய மனதோடு மன்னித்தான்.

"பரிகாரமா இன்னொரு ஜெபமாலை சொல்லுங்க. முழங்கால்ல" என்றார் ஃபாதர். அப்புறம் உற்சாகம் வந்தவராக, "அருளு, விரிசல் இருந்தாப் பரவாயில்ல. இப்ப ஒரே ஒரு தடவை அடி. அந்தச் சத்தம் சிஸ்டர் காதுல பதியட்டும்" என்றார்.

எல்லோரும் மணிக்கூண்டுக்குக் கீழே கூடினார்கள். மேல்தட்டுப் பலகையின் ஓட்டை வழியாகக் கயிறு எப்போதும்போலத் தொங்கியது. அருள்குமார் உள்ளங்கையில் எச்சில் தொட்டு, கயிற்றைப் பிடித்து, முழு மனதோடு குனிந்து இழுத்தான்.

விரிசலைச் சரிசெய்ய ஃபாதர் எப்போதோ சொல்லிவைத்திருந்த கம்பம் டவுன் பட்டறைக்காரர், முந்தின நாள் மதியமே வந்து, கேட்பதற்கு யாரையும் காணாமல், கயிற்றை உத்திரத்தில் கட்டிவிட்டு மணியைக் கழற்றி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்.