சிக்னலில் இல்லாத மாடக்கண்ணு

"அண்ணாச்சி, ஜட்ஜம்மா கேட்டா தயங்காம சொல்லுங்க. சாயங்காலம் நாலு பத்துக்கு நான் லாரியோட யார்டுக்குள்ள நின்னேன். அவ்வளவுதான்."

கோர்ட் வராந்தாவில் செந்தூர்வேல் பத்தாவது தடவையாகச் சொல்லிக் கொடுத்தான். மாடக்கண்ணுவுக்கோ மனசு ஒப்பவில்லை.

"ஏலே, பைக்குல சிக்னல தாண்டுனது நான்தானலே! மாமனாருக்கு நெஞ்சுவலின்னு மில்லர்புரத்துக்குப் பறந்தேன், கேமராவுல விழுந்துட்டேன். ஒத்துக்கிட்டா என்ன?"

"நல்லா ஒத்துக்கிட்டீய! இது மூணாவது தடவைல்லா? லைசென்ஸ் போயிரும். அப்புறம் எத வச்சு லாரி ஓட்டுவீய?"

அதுதானே பயம்! லைசென்ஸ் போனால் பிழைப்பே போச்சு.

நிலக்கரி யார்டு வாசலில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். ஒருவருக்கு அவசரம் என்றால், இன்னொருவர் அவருடைய பாஸைக் காட்டி அவருடைய லாரியை உள்ளே கொண்டு போவார். டிரைவர்களுக்குள் இது சர்வ சாதாரணம். அன்றைக்கு மாடக்கண்ணுவின் லாரியை எடுத்துப் போனவன் செந்தூர்வேல். யார்டு வாசல் பதிவில் நேரத்தோடு இருப்பது மாடக்கண்ணு பெயர். அந்தப் பதிவின் நகலையும் அவனே அலைந்து வாங்கி வந்திருந்தான். கூடப் பிறந்தவன்கூட இப்படி லீவு போட்டுக் கோர்ட்டுக்கு வரமாட்டான்!

உள்ளே மாஜிஸ்திரேட் அம்மா கேமரா படத்தை உற்றுப் பார்த்தார். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை.

"இது நீங்க இல்லையா?"

"இல்லம்மா. பைக்க யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க. நான் யார்டுக்குள்ள லாரி ஓட்டிக்கிட்டு இருந்தேன். இதோ யார்டு பதிவு."

"எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

மாடக்கண்ணு ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். செந்தூர்வேல் தலையை ஆட்டினான். போட்டுக் கொடுத்தார்.

"சரி. உங்க லைசென்ஸ் மேல நடவடிக்கை இல்லை. போகலாம்."

அப்பாடா! முருகா! போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. செந்தூர்வேலின் கையைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார். வாசலில் ஓர் இன்ஸ்பெக்டர் வழிமறித்தார்.

"மாடக்கண்ணுதானே? பின் பெஞ்சுல இருந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். அன்னைக்கு நாலு பத்துக்கு யார்டுக்குள்ள ஒரு ஆள் மேல ஏறிட்டு, நிக்காமப் போன லாரி உங்களுது. நேத்துதான் கண்டுபிடிச்சோம். ஆளும் நேத்து ஆஸ்பத்திரியில செத்துப்போயிட்டாரு."

மாடக்கண்ணு செந்தூர்வேலின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"அதே நாலு பத்துக்கு விழுந்த இந்த சிக்னல் படத்தப் பார்த்து, லாரிய ஓட்டுனது நீங்க இல்லைன்னு நினைச்சோம்யா. இப்ப நீங்களே கோர்ட்டுல எழுதிக் கொடுத்துட்டீங்களே!"

"அய்யோ சார், நான் இல்ல சார்! ஏலே செந்தூர்வேலு, அன்னைக்கு லாரி யார் கையில இருந்துச்சுன்னு சொல்லுலே!"

செந்தூர்வேல் மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி அவரு லாரிய வேற யார் கையிலயும் கொடுக்க மாட்டாரு சார்," என்றான்.