குரல் சோதனை

எஸ்தரின் ஹெட்செட்டில், ஒலி கேட்கும் காதும் பேசும் மைக்கும் குடியிருந்தன. ஆன்லைன் விளையாட்டில் அவள் பெயரைப் பார்த்ததுமே, "பொம்பளையா? போய்ச் சோறாக்கு" என்று மற்றவர்கள் கத்தினார்கள். அவள் மைக்கை மேலே மடக்கிவிட்டாள்.

ஒரு வருஷம் கழித்து, பெண்கள் மட்டும் ஆடும் அணி அவளைக் கூப்பிட்டது. ஆண்கள் நுழைந்துவிடக் கூடாதென்று, புதிதாக வருபவரைப் பேசச் சொல்லிக் குரலைக் கேட்பார்கள்.

மைக் ஆசையாகக் கீழே இறங்கியது.

"வணக்கம்க்கா, நான் எஸ்தர்," என்றாள், தன் கட்டைக் குரலில்.

"டேய், யாருடா நீ?" என்று சிரித்து, அவளை வெளியே தள்ளினார்கள். அது காதுக்கு மட்டும் கேட்டது.

"என்னப்பா, சேத்துக்கிட்டாங்களா?" என்றது மைக்.

"நெட் போயிடுச்சுப்பா," என்று சமாளித்தது காது.

எஸ்தர் மைக்கை மறுபடி மடக்கினாள். அதுவோ மடங்கிய இடத்திலிருந்து இன்னும் கேட்கிறது, "நெட் வந்துச்சா?"