ஓரத்தில் நிற்பவள்

ஒரு மனுஷியை அழித்துவிடு என்று சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ! பிரிண்டிங் கடையின் டிசைனருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மெஷின் இரைச்சலை மீறிப் போனில் கத்திக்கொண்டிருந்தான் வாடிக்கையாளன்.

“படம் வந்துச்சா மேடம்? புது வீட்டு ஹாலுக்கு ஆறடி அகலத்துல வேணும். ஓரத்துல நிக்கிற பொண்ண மட்டும் தூக்கிடுங்க.”

“வேற படம் இல்லையா?”

“அப்பா சிரிச்ச மாதிரி இருக்கிறது இது ஒண்ணுதான். இனி எடுக்கவும் முடியாது. அவர் போய்ச் சேர்ந்துட்டாரு.”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்போ?”

“ரெண்டு மாசமாச்சு. அது எதுக்கு உங்களுக்கு?”

“அந்தப் பொண்ணு யாரு?”

“இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிட்டுப் போனவ. பத்து வருஷத்துக்கு முன்னாடியே தலைமுழுகியாச்சு. வேலையைப் பாருங்க மேடம், துருவித் துருவிக் கேக்காதீங்க.”

“அவ தோள்மேல உங்கப்பா கை போட்டிருக்காரு. அவளை எடுத்தா அந்தக் கையையும் வெட்டணும்.”

“வெட்டுங்க. மூஞ்சி தெரிஞ்சா போதும். கையை எவன் பாக்கப் போறான்?”

அவள் மௌஸிலிருந்து விரலை எடுத்தாள்.

“என்ன மேடம், முடியுமா முடியாதா?”

“முடியாதுண்ணா.” அவள் குரல் உயரவில்லை. “அப்பா செத்ததைக்கூட நீ எனக்குச் சொல்லல. என் தோள்ல இருக்கிற அவர் கையை நான் வெட்டமாட்டேன்.”