தோற்றவர் ரோல்ஸ் வாங்க வேண்டும்

"இவனெல்லாம் ஒரு மனுசனே?" குசினிக்குள் நின்றபடி செலீன் பல்லைக் கடித்தாள்.

முன் ஹோலில், ரீவிக்கு முன்னால் காளியப்பன் மறுபடியும் ஜெயித்திருந்தான். ஐந்துக்குப் பூச்சியம். தோற்றவர் அவளுடைய புருசன் நிக்கலஸ்.

விளையாட்டில் தோற்றதற்காக அவள் கொதிக்கவில்லை. அதற்கொரு சட்டம் இருந்தது. தோற்றவர் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி, சந்திக் கடைக்கு நடந்து போய், மூன்று பேருக்கும் தேத்தண்ணியோடு தின்ன ரோல்ஸ் வாங்கி வர வேண்டும். நிக்கலஸுக்கு வயது அறுபது. துறைமுகத்தில் ஏணியால் விழுந்து முழங்கால் போய் இரண்டு வருசம். காளியப்பனுக்கோ இருபத்தெட்டு, கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயசு. ஒரு மாசத்தில் ஒரு நாளாவது விட்டுக்கொடுத்தானா அந்த ஹட்டன் தேயிலைத் தோட்டத்துக்காரன்?

அவன் அவர்கள் வீட்டுச் சின்ன அறையில் வாடகைக்கு இருந்தான். மருதானையில் பலீல் முதலாளியின் ரிப்பேர் கடையில் வேலை. அங்கே திருத்திய பழைய பிளேஸ்டேஷன் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அன்றைக்குத் தொடங்கியது இந்த ரோதனை.

நிக்கலஸ் ஒரு காலத்தில் கொட்டாஞ்சேனை கிளப் ஒன்றின் கோல் கீப்பர். முதல் நாள் அந்த மெஷினைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இதென்னடா ஃபுட்போல்? கீப்பர் எந்தப் பக்கம் பாயிறதெண்டு மெஷினே முடிவெடுக்குது. மழை பெய்தாலும் பந்து சேத்தில நிக்குதில்ல. ரெஃப்ரியை ஏசவும் ஏலாது."

"நல்லது ஒண்ணுமே இல்லையா அங்கிள்?"

"முழங்கால் வேண்டாம். அது ஒண்டுதான்டா."

அந்த ஒன்றுக்காகவே மனுசன் தினமும் பின்னேரம் உட்கார்ந்தார். தினமும் தோற்றார். தினமும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு சந்திக்குப் போனார்.

இன்றைக்கும் அவர் படியிறங்கும் சத்தம் தேய்ந்ததும் செலீன் ஹோலுக்கு வந்தாள்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன், கோவிக்காத. நொண்டிக்கொண்டு போற மனுசனைப் பாக்க உனக்கு நெஞ்சு நோகேல்லையோ?"

காளியப்பனின் முகம் சிறுத்துப் போனது.

"நானே போயிட்டு வாரேன்னு தெனமும் சொல்றேன் அன்டி. பெட்டுன்னா பெட்டுதான்னு அங்கிள் சண்டைக்கு வாராரு."

"அப்ப நாளைக்கு நீ தோத்துப் போ. அவருக்குத் தெரியாமத் தோக்கோணும். தெரிஞ்சா அவருக்கு மானப் பிரச்சினை."

அவன் தலையாட்டினான். பாவம், கெட்டவன் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் செலீன் வெங்காயச் சுளகோடு ஹோலிலேயே உட்கார்ந்துகொண்டாள். யார் எந்த வலைக்குள் அடிக்க வேண்டும் என்ற அளவுக்கு அவளுக்கும் தெரியும். கீப்பரின் பெண்சாதி அல்லவா.

காளியப்பன் பந்தை எடுத்தான், திரும்பினான், தன்னுடைய கோலுக்குள்ளேயே அடித்தான்.

"ஐயோ, கை வழுக்கிருச்சு அங்கிள்."

நிக்கலஸ் அவனை ஓரக்கண்ணால் பார்த்தார். அடுத்த நிமிசம் அவருடைய ஆளும் திரும்பி ஓடித் தன் கோலுக்குள் அடித்தான்.

"எனக்கும் பட்டன் மாறிப் போச்சு."

இரண்டு, மூன்று, நான்கு. இருவரும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு தங்கள் தங்கள் வலையைக் கிழித்தார்கள். ஸ்டேடியத்துச் சனம் என்ன ஏதென்று கேளாமல் கைதட்டிக்கொண்டிருந்தது. செலீன் வாயைப் பிளந்தாள். இதென்ன கூத்து?

கடைசி நிமிசத்தில் காளியப்பன் ஐந்தாவதையும் போட்டுக்கொண்டான்.

"தோத்துட்டேன். நான்தான் சந்திக்குப் போகணும்," என்று துள்ளி எழும்பிச் செருப்பை மாட்டினான்.

நிக்கலஸ் கைத்தடியை வயரில் கொழுவி ஒரு இழுவை இழுத்தார். மெஷின் செத்துப் போனது.

"விசில் ஊதேல்ல. மேட்ச் செல்லாது. நான் போறன்."

அவனை விலக்கிவிட்டுப் படியிறங்கத் தொடங்கினார். செலீன் பின்னால் ஓடிப்போய் இரண்டாம் மாடியில் மறித்தாள்.

"உங்களுக்கென்ன விசரே? அவனைத் தோக்கச் சொன்னதே நான்தான். போகட்டும் விடுங்கோ."

நிக்கலஸ் மேலே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வன்னியில சண்டை கூடினதில இருந்து சந்தி செக்பொயின்றில பின்னேரம் ஆமிக்காரங்கள் ஐடி பாக்கிறாங்கள், செலீன். வடக்கில பிறந்த பெடியளை ஜீப்பில ஏத்துறாங்கள். முந்தநாளும் ரெண்டு பேர். போனதுகள் இன்னும் வரேல்ல."

"அதுக்கு? இவன் ஹட்டன் பெடியன்தானே?"

"வளந்ததுதான் ஹட்டன். வாடகைக்கு வந்தவனெண்டு பொலிசில பதியிற ஃபோமை நான்தானே நிரப்பினனான். ஐடியில பிறந்த இடம் கிளிநொச்சி எண்டு கிடக்கு."

செலீனும் இப்போது மேலே எட்டிப் பார்த்தாள்.

"அவனிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான். 'எனக்கென்ன பயம், நான் தோட்டத்து ஆளு' எண்டு சிரிக்கிறான். வேலைக்குப் போறதுக்கு, பலீலிட்டச் சொல்லி அவற்ற கடை வானில பின் ரோட்டால ஏத்தி இறக்குறன். ஆனா ரோல்ஸ் தின்னாம இவன் இருக்கமாட்டான். தினமும் சந்திக்கு வெளிக்கிடுவான். அதுதான் பெட் கட்டினனான். என்னை மறிக்கிறதில்ல, இந்தத் தெருவில பிறந்த நொண்டிக் கிழவன்."

அவர் இறங்கிப் போய்விட்டார். இந்த வாயாலேயே அந்தப் பிள்ளையை அனுப்பப் பார்த்தேனே என்று தன்னையே ஏசிக்கொண்டு செலீன் படியேறினாள்.

மேலே வந்தபோது காளியப்பன் கதவடியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"தோத்தும் அங்கிள் விடல அன்டி. நாளைக்குப் பத்து கோல்ல தோத்துடுறேன், பாருங்க."

"நல்லாக் கேள் தம்பி," என்றாள் செலீன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாளையில இருந்து நீ ஒரு நாள் தோத்தாலும், அண்டைக்கே அறையைக் காலி பண்ணிப்போடோணும்."