அடிக்கு ஒரு ஸ்தோத்திரம்

மெக்கானிக் ஷெட்டுக்குள் புகுந்த மூன்று பேரில் ஒருவன், மெக்கானிக்கின் மனைவியை வாயைப் பொத்திச் சுவரோடு அழுத்திக்கொண்டான். மற்ற இருவரும் மெக்கானிக்கை இரும்புக் கம்பியால் வெளுத்து வாங்கினார்கள்.

"நாளைக்குக் கோர்ட்டுல சாட்சி சொல்லுவியா? சொல்லுவியாடா?"

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்றார் அவர்.

டயர் பஞ்சரானாலும் ஸ்தோத்திரம், பல்வலி வந்தாலும் ஸ்தோத்திரம் என்கிற மனுஷன்தான். ஆனால் இப்போதுமா? அவள் அந்தப் பிடியிலிருந்து திமிறினாள்.

அடுத்த அடியில் முழங்கால் நொறுங்கியது.

"ஸ்தோத்திரம்!"

"பைத்தியம்டா இது. இனிமே எந்தக் கோர்ட் படியும் ஏற மாட்டான். வாங்க போலாம்" என்று கம்பியை வீசிவிட்டு ஒருவன் கிளம்ப, மற்றவர்களும் போனார்கள்.

அவள் ஓடிவந்து, ரத்தம் வழிந்த அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஆண்டவர் அப்படி என்ன செஞ்சுட்டார்னு அவருக்கு நன்றி சொல்றீங்க? சாட்சி சொல்லப் போறது உங்க தம்பிதானே? 'அது நான் இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

கிழிந்த உதட்டோடு அவர் சிரிக்கப் பார்த்தார்.

"சொன்னா அவனைத் தேடிப் போயிருப்பாங்களேம்மா. எங்களை ரெட்டையா, ஒரே முகத்தோட படைச்சாரே... அதுக்குத்தான்."