பின்சீட்டுக் கனம்

வெள்ளைக்காரத் துரை ரயிலில் கோலாலம்பூர் போயிருந்த நாள். காப்பார் ரப்பர் தோட்டத்தின் கணக்கெழுதும் கிராணி, துரையின் டிரைவர் ரெங்கசாமியைக் கூப்பிட்டார்.

"துரை காருல கூலியாளுங்கள ஏத்தினியாமே? வேலை போயிரும், தெரியுமில்ல?"

"சேத்துல மாட்டிக்கிச்சுங்க. பின்சக்கரம் பிடிப்பில்லாம சும்மா சுத்துச்சு. சாக்கு போட்டும் நகரல. பின்பக்கம் கனம் பத்தலன்னு புரிஞ்சுது. அந்த வழியா வந்த நல்லம்மாவையும் அவ புருசனையும் பின்சீட்டுல உக்கார வச்சேன். சக்கரம் பிடிச்சிருச்சு."

"அப்பவே இறக்கி விடுறதுக்கென்ன?"

"வழி நெடுக சேறுங்க. கிள்ளான் ஆஸ்பத்திரி வாசல்லதான் நல்ல ரோடு வந்துச்சு."

கிராணி வெளியே போய்க் காரின் பின்சக்கரத்தைத் தடவினார். விரலில் காய்ந்த புழுதிதான் ஒட்டியது. மழை பெய்து பத்து நாளாகிவிட்டது.

"நல்லம்மாவுக்கு என்ன புள்ள?" என்றார் கிராணி.

"பொண்ணு பொறந்திருக்குங்க. கொஞ்சம் தாமதிச்சிருந்தா தாயும் தங்கியிருக்க மாட்டாளாம்."

"ஒரு வாளி தண்ணி கொண்டா. மண்ணைக் கொழைச்சுச் சக்கரத்துல நல்லா அப்பு. துரை வர்றதுக்குள்ள காயணும். வாய்க்கா உடைஞ்சு ரோடு சேறாயிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."

அப்பி முடித்த ரெங்கசாமி, சேற்றுக் கையோடு கும்பிட்டான்.

"கும்பிட்டது போதும். மட்கார்டுல இன்னும் ஒரு கை போடு."